மஞ்சக் கட்டம்

அந்த கேமராவை எடுத்துப் பாக்கணும்னா பாருங்க சார். வண்டியில ஏறினதுல இருந்து உங்க கண்ணு அதுமேலதான் இருக்கு. குலுங்கக் கூடாதுன்னு துண்டு விரிச்சு வச்சிருக்கேன். லென்ஸைச் சுத்தி இருக்கற வளையத்தை மட்டும் திருப்பிடாதீங்க, தூரத்துல கொண்டுபோய் நிறுத்தி வச்சிருக்கேன். மத்தபடி பாருங்க. மடியிலயே வச்சுக்கலாம்.

பொள்ளாச்சி போய்ச் சேர எப்படியும் பொழுது சாஞ்சுடும். வால்பாறையில மத்தியான பஸ்ஸை விட்டுட்டா அப்புறம் நிக்க வேண்டியதுதான். நல்லவேளை நான் வந்தேன். நானும் கீழதான் போறேன், ஒரு டாக்டரைப் பாக்க. எனக்கில்ல சார், வீட்டுக்காரிக்கு. அவ வரலை. அவளைப் பத்திச் சொல்லி, என்ன செய்யலாம்னு கேட்டுட்டு வரணும். மனசு சம்பந்தப்பட்ட டாக்டர், ஞாயித்துக்கிழமையும் பாப்பாராம். அது பெரிய கதை சார். இந்தக் கேமராவுலதான் ஆரம்பிச்சுது.

என் பேரு வேதமுத்து. எஸ்டேட்ல ஜீப் ஓட்டினவன். போபண்ணா தொரைன்னு கூர்க் பக்கத்து மனுஷன் மேனேஜரா இருந்தாரு, அவருக்குத்தான் ஓட்டினேன். இதே ஜீப்தான், அப்புறம் எஸ்டேட்லயே விலைக்கு வாங்கிக்கிட்டேன். பங்களாவைக் காலி பண்ணிட்டுக் கிளம்பின அன்னைக்கு இதை என் கையில குடுத்துட்டுப் போனாரு. ஜப்பான்காரன் செஞ்சது, ஃபிலிம் போடுற கேமரா. பீரோவுல பல வருஷம் கெடந்துச்சு. போன மழை முடிஞ்சு வெயில் தலைகாட்டினப்பதான் எடுத்தேன். என் பொண்ணு பெனிட்டா கோயம்புத்தூர்ல நர்ஸா இருக்கா. அவளுக்கு நிச்சயதார்த்தம் வெச்சிருந்தோம். போட்டோவை நானே எடுக்கறேன்னு சொல்லிட்டேன். ஒரு ஆசை.

கண்ணை வச்சுப் பாருங்க. நடுவுல சின்னதா ஒரு மஞ்சக் கட்டம் தெரியுதா? பக்கத்துல இருக்கற எதையாவது பாருங்க, அந்தக் கட்டத்துக்குள்ள மட்டும் எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியும். ஒண்ணு நல்லாத் தெரியும், இன்னொண்ணு மங்கலா, ஆவி மாதிரி. வளையத்தைத் திருப்பினா அந்த மங்கல் நகர்ந்து வந்து நிஜத்துமேல உக்காரும். உக்காந்துட்டா தூரம் சரி, படம் கூர்மையா விழும். இதுக்குப் பேரு ரேஞ்ச்ஃபைண்டர்னு தொரை சொல்வாரு. நல்ல ஏற்பாடு சார். எது நிஜம் எது நிழல்னு அதுவே பிரிச்சுக் காட்டிடும்.

எனக்கு அது உக்காரவே இல்ல.

முதல் ரோல் போட்டு நாலு பேரை எடுத்தேன். ஃபேக்டரி கேட்ல திரவியம்னு ஒரு வாட்ச்மேன் இருந்தாரு, அவரை நிக்கவெச்சு எடுத்தேன். கட்டத்துல அவர் முகம் சேந்த மாதிரி வரும், ஆனா ஓரத்துல ஒரு நிழல் ஒட்டிக்கிட்டே நிக்கும். எப்படித் திருப்பினாலும் போகாது. சரின்னு அமுக்கிட்டேன். பஜார்ல சசிதரன்னு ஒருத்தன் ஸ்டுடியோ வச்சிருக்கான், மலையாளி, சிநேகிதன். அவன்கிட்ட ரோலையும் குடுத்து கேமராவையும் குடுத்தேன். இந்த ரேஞ்ச்ஃபைண்டர் கெட்டுப்போச்சு, பாத்துக் குடுன்னேன்.

அவன் வாசல்ல நின்னு எதிர்ல இருக்கற டவரைப் பாத்தான். பக்கத்துல கடைப் பலகையைப் பாத்தான்.

"சேட்டா, இது நல்லாத்தான சேருது?"

"எங்க சேருது. நிழல் நிக்குது பாரு."

மறுபடி பாத்தான். "எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. படமும் நல்லாத்தான விழுந்திருக்கு. சேட்டா ஒருக்கா கண்ணைக் காட்டுங்க."

கண்ணைக் காட்டணுமாம். சிரிப்பு வருது சார். எனக்குப் படிக்கற கண்ணாடி இருந்துச்சு, போன வருஷம் வரைக்கும். இப்ப அது இல்லாமலே பேப்பர் படிக்கிறேன். மாத்திரை அட்டையில பொடி எழுத்து இருக்குமே, அதைக்கூடப் படிச்சுடுவேன். சுகர் இருக்கற ஆளுக்கு இந்த வயசுல கண்ணு திரும்பி வருதுன்னா கர்த்தரோட கிருபைதான். பொண்ணுகிட்ட பெருமையாச் சொன்னேன். அவ சந்தோஷப்படலை. "அது நல்லதுக்கில்லப்பா. புரை முத்தும்போது கொஞ்ச நாளைக்குக் கிட்டப்பார்வை அப்படித்தான் தெளியும், தூரம் போயிடும், வெளிச்சம் கூசும்"னா. படிச்சுட்டா எல்லாத்துக்கும் ஒரு நோய் சொல்லணும் சார் இவங்களுக்கு.

வெளிச்சம் கூசத்தான் செய்யுது. இப்ப வர்ற வண்டிங்க போடுற லைட் அப்படி. அதுக்கு என் கண்ணு என்ன பண்ணும்.

ஏன் சார் கம்பியைப் பிடிக்கிறீங்க? அது ரோட்டோரக் கல்லுதான். எனக்குத் தெரியும், பயப்படாதீங்க. இந்த ரோடு எனக்குக் கால்ல இருக்கு, கண்ணே வேண்டாம்.

எங்க விட்டேன். ஆங், நானே கழட்டினேன். வாட்ச் ரிப்பேர்காரங்க வச்சிருக்கற சின்ன ஸ்க்ரூடிரைவர் செட் ஒண்ணு வாங்கி, சாப்பாட்டு மேசையில வெள்ளைத் துணி விரிச்சு, மேல் மூடியை எடுத்தேன். கார்ப்ரேட்டர் பிரிக்கறவனுக்கு இது என்ன. உள்ள ஒரு சின்னக் கண்ணாடி, ரசம் பாதிதான் பூசியிருக்கும். அதைத் துடைக்கவே கூடாது, துடைச்சா ரசம் போயிடும். லென்ஸ் நகர்றதுக்குத் தக்கன ஒரு கம்பி கொக்கி மாதிரி ஆடும். ரெண்டு ஸ்க்ரூ. ஒண்ணு நிழலை இடவலமா நகர்த்தும், இன்னொண்ணு மேல கீழ. ரொம்ப தூரத்துல ஒரு பொருளைப் பாத்துக்கிட்டே அந்த ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாத் திருப்பணும். ரெண்டும் சேந்த இடத்துல நகப்பாலிஷ் ஒரு சொட்டு விட்டு ஸ்க்ரூவை அசையாம ஆக்கிடணும். பெனிட்டா விட்டுட்டுப் போன பாலிஷைத்தான் எடுத்துக்கிட்டேன்.

அந்த மாசம் பூரா அதே வேலை. ஒண்ணைச் சேர்த்தா இன்னொண்ணு விலகும். சில நாள் மூணாத் தெரியும். நிஜம், நிழல், நிழலுக்கு ஒரு நிழல். ரெஜினா, அதான் என் வீட்டுக்காரி, எதிர்ல நின்னு பாத்துக்கிட்டே இருப்பா.

"என்னங்க, நான் ஒருவாட்டி பாக்கட்டுமா?"

குடுத்தேன். ஜன்னல் வழியா கோயில் சிலுவையைப் பாத்தா. "இப்ப ரெண்டாத்தான் இருக்கு. நீங்க தொடுறதுக்கு முன்னாடி ஒண்ணா இருந்துச்சுங்க. அன்னைக்கு நீங்க குளிக்கப் போனப்ப எடுத்துப் பாத்தேன்"னா.

பாருங்க, நான் இல்லாதப்ப எடுத்துப் பாத்திருக்கா. சசி ஏதாவது சொல்லிக் குடுத்திருப்பான்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். இந்தக் கேமரா மேல அவனுக்கு ஒரு கண்ணு. எனக்குத்தான் பார்வை சரியில்லைன்னு ஆக்கிட்டா, சேட்டா உங்களுக்கு எதுக்கு இதுன்னு வாங்கிக்கலாம்ல.

கிறிஸ்மஸ் முடிஞ்சு ஒரு நாள், வீட்ல உக்காந்து பண்ணினா சரிவராது, நல்ல தூரம் வேணும்னு ஜீப்பை எடுத்துக்கிட்டு மேல வியூ பாயிண்டுக்குப் போனேன். எதிர் மலையில ஒரு ஒத்தை மரம். அதை வச்சு ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி, ஒரு நேரத்துல சட்டுனு சேந்துடுச்சு சார். ரெண்டு மரமும் ஒண்ணா உக்காந்துச்சு. பாலிஷை விட்டேன். அந்தச் சந்தோஷம் இருக்கே, அதைச் சொல்லத் தெரியலை. வானம் இருட்டிட்டு வந்துச்சு, மூட்டம் இறங்குது. மூடியைப் போட்டு முறுக்கிட்டு, கேமராவை இதே மாதிரி பக்கத்து சீட்ல வச்சுக்கிட்டு பாட்டுப் பாடிக்கிட்டே இறங்கினேன்.

ஃபேக்டரிக்கு மேல ஒரு வளைவு. அங்க மரக்கொப்பு ஒண்ணு ரோட்டுப் பக்கமா நீட்டிக்கிட்டு நின்னுச்சு போல. இடது பக்கம் உரசி, சைடு கண்ணாடி போச்சு. ஜீப் லேசா ஆடுச்சு, அவ்வளவுதான். நிறுத்திப் பாக்கலாம்னுதான் நெனச்சேன். அந்த வாரம் அந்தப் பக்கம் யானைக் கூட்டம் நின்னுக்கிட்டு இருந்துச்சு, குட்டியோட. யாரு இறங்குவா. வந்துட்டேன்.

மறுநாள் காலையில எழுந்து பாத்தா ரெஜினா வாசல்ல ஜீப்பைக் கழுவிக்கிட்டு இருக்கா. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ இந்த வண்டியில ஒரு வாளித் தண்ணி ஊத்தினதில்ல. இடது பக்கம் பூரா தேங்காய் நாரு போட்டுத் தேய்க்கிறா. எனக்கு மனசு நெகிழ்ந்துபோச்சு சார். "ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலை"ன்னேன். நிமிர்ந்து என் மூஞ்சியைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் சொல்றா, "ஃபேக்டரி திரவியம் அண்ணன் செத்துப்போச்சு. பள்ளத்துல கெடக்குதாம். இப்பத்தான் சொல்லிட்டுப் போறாங்க."

அதேதான் சார், நான் போட்டோ எடுத்த மனுஷன். நல்ல மனுஷன். டியூட்டிக்கு நடந்து வரும்போது யானையைப் பாத்து மிரண்டு ஓடிப் பள்ளத்துல விழுந்திருப்பாருன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நானும் அதைத்தான் சொன்னேன். அந்த நேரத்துல நான் அந்த வழியா வந்தவன், யானை நிக்கற இடம் எனக்குத் தெரியும், நான் சொன்னா எடுபடும்ல. அடக்கத்துக்கு இந்த ஜீப்லதான் பெட்டியை ஏத்திக்கிட்டுப் போனேன். பைசா வாங்கல.

அவங்க வீட்ல மாட்டறதுக்கு வேற போட்டோ இல்ல. நான் எடுத்ததை சசி பெருசு பண்ணிச் சட்டம் போட்டுக் குடுத்தான். அதைச் சுவத்துல மாட்டி மாலை போட்டிருந்தாங்க. அவரு சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. "அண்ணே, தாடையில இருக்கற மரு கூடத் தெரியுது, உசுரோட நிக்கற மாதிரி இருக்கு"ன்னுச்சு. வாசல்ல நின்னு பாத்தேன். எனக்கு அதுலயும் ஓரத்துல ஒரு நிழல் தெரிஞ்சுது. அந்த நேரத்துல அதைச் சொல்லலாமா. திரும்பிப் பாத்தா ரெஜினாவைக் காணோம். கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு வெளிய போயி, தேயிலைச் செடியைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டு இருக்கா. இளகின மனசு.

அன்னையில இருந்து அவ ஒரு மாதிரி ஆயிட்டா. ஜீப்ல ஏற மாட்டேங்கறா. கோயிலுக்கு நடந்தே போறா, பஜாருக்கு நடந்தே போறா, மழை பெஞ்சாலும் குடையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறா. கேட்டா, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காருங்கறா. எந்த டாக்டருன்னு சொல்ல மாட்டேங்கறா. பின்னாடியே ஜீப்பை மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயி, ஏறு ரெஜினான்னு கூப்பிட்டா, ரோட்டை விட்டு இறங்கி செடிக்குள்ள போய் நின்னுக்கறா. என்னைப் பாத்து ஒதுங்கறா சார். கட்டின பொண்டாட்டி.

மூட்டம் இறங்குது பாருங்க. இன்னைக்குச் சீக்கிரமே வந்துடுச்சு. இதுல ஓட்டறதுக்கு ஒரு பழக்கம் வேணும் சார். மூட்டத்துல எல்லாருக்கும் எல்லாமே ரெண்டாத்தான தெரியும். புது டிரைவருங்க அதுல குழம்பிப்போயி நடு ரோட்டுல பிரேக் அடிப்பாங்க. நான் குழம்ப மாட்டேன். இந்தக் கேமரா சொல்லிக் குடுத்ததுதான். ரெண்டுல ஒண்ணு நல்லாத் தெரியும், ஒண்ணு மங்கலாத் தெரியும். நல்லாத் தெரியறதை விட்டு விலகணும். மங்கல் நிழல்தான், அதுமேல தாராளமாப் போகலாம். ஒண்ணும் ஆகாது.

என்ன சார் சொல்றீங்க? மெதுவாத்தான் போறேன்.

நிச்சயதார்த்தம் வந்துச்சு. போட்டோகிராபரை வேண்டாம்னுட்டு நானே எடுத்தேன். மோதிரம் மாத்தினது, பாதர் ஜெபம் பண்ணினது, எல்லாம். படம் கழுவி வந்துச்சு. பெனிட்டா ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்துட்டு அழுதுட்டா. ஒரு மூஞ்சி கூடத் தெளிவா இல்லப்பான்னா. பின்னாடி சுவத்துல தொங்கற காலண்டர்ல தேதி தெரியுது, முன்னாடி நிக்கற மாப்பிள்ளை புகையா இருக்காரு. கழுவினவன் தப்புன்னேன் நான். அவ டார்ச்சை எடுத்து என் கண்ணுல அடிச்சுப் பாத்தா. அப்புறம் அவங்க அம்மாவைப் பாத்தா. மறுவாரம் கோயம்புத்தூர்ல கண் ஆஸ்பத்திரியில சொல்லி வச்சிருந்தா. போனேன். வாசல்ல அவ்வளவு கூட்டம். ஒரு டீ குடிச்சுட்டு வந்து, டாக்டர் பாத்தாரு, ஒண்ணுமில்லையாம்னு சொல்லிட்டேன். இல்லாததுக்கு எதுக்கு சார் அங்க போய் உக்காரணும்.

அப்புறம்தான் பெரிய அடி. ரிட்டயர் ஆனதுல இருந்து ஸ்கூல் பிள்ளைங்களை இதே ஜீப்ல ஏத்திக்கிட்டுப் போய் விடுவேன். சின்னச் சின்னப் பிள்ளைங்க சார், தாத்தா தாத்தான்னு கழுத்தைக் கட்டிக்குங்க. ஒரு நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டாங்க. "நாளையில இருந்து வேற வண்டி ஏற்பாடு பண்ணிட்டோம் வேதமுத்து"ன்னாங்க. ஏம்மா, நான் என்ன தப்புப் பண்ணினேன்னேன். அவங்க சொல்ல இஷ்டப்படலை. நான் விடலை. கடைசியில, "உங்க வீட்டுக்காரம்மாதான் வந்து என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க"ன்னாங்க.

என்னால நம்ப முடியலை. சசியா இருக்கும், வேற டிரைவரா இருக்கும்னு பாத்தா, இவ.

வீட்டுக்கு வந்து கேட்டேன். சோறு வடிச்சுக்கிட்டு இருந்தா. கத்தலை, அடிக்கலை, அந்தப் பழக்கம் நமக்கில்ல. "ஏன் ரெஜினா இப்படிப் பண்ணினே, அந்தப் பிள்ளைங்க உனக்கு என்ன பண்ணுச்சு"ன்னேன். பாத்திரத்தை இறக்கி வச்சுட்டுச் சொல்றா, "அந்தப் பிள்ளைங்களுக்காகத்தாங்க."

"என்ன அந்தப் பிள்ளைங்களுக்காக?"

"அன்னைக்கு நீங்க இடிச்சது கொப்பு இல்லைங்க."

எனக்கு முதல்ல புரியவே இல்ல.

"உடைஞ்ச கண்ணாடியில நூல் சுத்திக்கிட்டு இருந்துச்சு. காக்கி நூல். திரவியம் அண்ணன் சுவெட்டர் நூல். கம்பியில ரத்தமும் இருந்துச்சு. நான்தான் கழுவினேன். கழுவும்போது எனக்குத் தெரியாது, ஏதோ ஆட்டையோ மாட்டையோ இடிச்சுட்டீங்கன்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன். பாதி கழுவும்போதுதான் வந்து சொன்னாங்க. அப்புறம் மீதியையும் கழுவிட்டேன்."

சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. அடக்கத்துக்கு அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோயில்ல திரவியத்தோட சம்சாரம் இவ பக்கத்துலதான் உக்காருதாம். இவளால பாதர்கிட்ட போய் நன்மை, அதான் நற்கருணை, வாங்க முடியலையாம். "திங்கக்கிழமைக்குள்ள நீங்களே போய்ச் சொல்லிடுங்க. இல்லைன்னா நான் போறேன். கழுவினது நான், எனக்கும் என்ன வரணுமோ வரட்டும். அதுவரைக்கும் நீங்க வண்டியைத் தொடக் கூடாது"ன்னு சாவியை எடுத்து எங்கயோ மறைச்சுட்டா.

சாவு வீட்டுக்குப் போய் மனசு பாதிச்சுப்போறது உண்டுல்ல சார்? நூலாம். நம்ம மலையில மரத்துக்கு மரம் தாடி மாதிரி பாசி தொங்கும், பாத்திருப்பீங்க. கொப்புல இருந்த பாசி கண்ணாடியில சுத்தியிருக்கும். அது நூல் மாதிரிதான இருக்கும். ரத்தம்னா, துரு. பழைய வண்டி. இதை எடுத்துச் சொன்னா காதைப் பொத்திக்கறா. நாளைக்குத் திங்கக்கிழமை. அதுக்குள்ள டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு, ஒரு மருந்தோ ஊசியோ குடுத்துட்டா அடங்கிடுவா. இல்லைன்னா போலீஸ் ஸ்டேஷன்ல போய் நின்னு ஊர் சிரிக்கப் பண்ணிடுவா. என்கிட்ட இன்னொரு சாவி இருந்தது அவளுக்குத் தெரியாது. அவ கோயிலுக்குப் போனதும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

இறங்கணுமா? இங்கயா? ஒரு டீக்கடை கூட இல்லையே சார்.

சரி, நிறுத்தறேன். இந்த வளைவுல இடம் இருக்கு. ஒண்ணுக்குப் போகணும்னா போயிட்டு வாங்க. எனக்கும் உங்ககிட்ட ஒரு காரியம் ஆகணும்.

அந்தக் கேமராவை எடுத்துட்டு வாங்க. போன வாரம் சசி வந்து, நான் தொட்டதெல்லாம் தப்புன்னு சொல்லி, அவனே திறந்து திரும்பவும் சரிபண்ணி மூடிக் குடுத்துட்டுப் போனான். இப்ப ஒண்ணாத் தெரியுதுன்னு சத்தியம் பண்றான். எனக்குத் தெரியலை. ரெஜினாவும் ஒண்ணாத்தான் தெரியுதுங்கறா, பெனிட்டாவும் அதையேதான் சொல்றா. அவங்கெல்லாம் ஒரு பக்கம். உங்களுக்கு நான் யாரோ, சசி யாரோ. நீங்க பொய் சொல்ல வேண்டியதில்ல. கீழ மூட்டம் விலகியிருக்கு, டேம் தெரியுது பாருங்க. அதுக்கு அந்தப் பக்கம் ஒரு டவர். மஞ்சக் கட்டத்துல டவரை வச்சுப் பாருங்க. அவசரமில்ல. நல்லாப் பாத்துச் சொல்லுங்க.

ஒண்ணா.

நல்லாப் பாத்தீங்களா?

குடுங்க. தூரத்துல இருக்கறதை விடுங்க, அது ஏமாத்தும். பக்கத்துல ஒரு ஆளை வச்சுப் பாக்கறேன். நீங்க அந்தச் சுவரோரமாப் போய் நில்லுங்க. இன்னும் கொஞ்சம் பின்னாடி. சுவரு இடுப்பளவுதான் இருக்கு, சாஞ்சுடாதீங்க. அங்கயே. அசையாம நில்லுங்க.

ரெண்டா இருக்கீங்க. திருப்பறேன். இருங்க, வருது, வருது. இல்ல. சேரலை சார். ஓரத்துல நிக்குது பாருங்க, போக மாட்டேங்குது. மூட்டம் வேற வந்துடுச்சு.

சார், நகந்தீங்களா?

கேமராவை இறக்கிட்டேன். வெறுங்கண்ணாலதான் பாக்கறேன். இப்பவும் ரெண்டு பேரு நிக்கறீங்க. உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா? இல்லையா. கையைத் தூக்குங்க. ரெண்டு பேரும் தூக்கறீங்க. மூட்டத்துல அப்படித்தான், மங்கலா இருக்கறதை விட்டுடணும், அது நிழலு. ஆனா ரெண்டும் ஒரே மாதிரி மங்கலா இருக்கே சார். எது நீங்கன்னு தெரியலையே.

ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. அங்க இருந்து பாத்தா நான் எத்தனை பேராத் தெரியறேன்?

ஒருத்தன்தானா.

இந்த மூட்டத்துலயுமா? மூட்டத்துல உங்களுக்கு ரெண்டாத் தெரியாதா? யாருக்குமே தெரியாதா?

ஒரு நிமிஷம் இருங்க சார். நான் இப்படி உக்காந்துக்கறேன்.

அன்னைக்கு அந்த வளைவுல ரெண்டு நின்னுச்சு. கொப்புன்னு சொன்னேனே, ரெண்டு கொப்பு. ஒண்ணு ரோட்டுப் பக்கம், ஒண்ணு பள்ளத்துப் பக்கம். பள்ளத்துப் பக்கம் இருந்தது கொஞ்சம் தெளிவா இருந்துச்சு. நான் யோசிச்சுத்தான் திருப்பினேன் சார். ரோட்டுப் பக்கம் இருந்ததுமேல போனேன். ரெண்டும் ஒரே நேரத்துல கையைத் தூக்கின மாதிரி இருந்துச்சு. காத்துக்குக் கொப்பு ஆடுதுன்னு நெனச்சேன்.

காத்து இல்ல அன்னைக்கு. மூட்டம் இறங்கும்போது காத்து இருக்காது.

இல்ல சார், தண்ணி வேண்டாம். நீங்க இங்க வாங்க, அந்தச் சுவரோரம் நிக்காதீங்க.

உங்களுக்கு ஜீப் ஓட்ட வருமா? கார் ஓட்டுவீங்கன்னா போதும், கியர் கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். சாவி அதுலயே இருக்கு. கீழ வேண்டாம். இங்கயே ஒடிச்சுத் திருப்புங்க, மேல போகலாம். உங்களுக்கு நேரமாகுதுன்னு தெரியும், மன்னிச்சுக்குங்க. ஊருக்குள்ள நுழைஞ்சதும் வலது பக்கம் ஸ்டேஷன் வரும், வரும்போது நான் காட்டறேன்.

இல்ல, நான் காட்ட வேண்டாம். போர்டைப் பாத்து நீங்களே நிறுத்துங்க.